மாப்பிள்ளையின் முதுகு

கல்முனைக்குடியில் கடலைப் பார்த்து இறங்குகிற அந்தக் குறுக்குத் தெருவில் நின்று யாராவது "மாப்பிள்ளை!" என்று குரல் கொடுத்தால், ஐம்பத்தைந்தாம் வருசத்தில் இரண்டு தலைகள் திரும்பும். ஒன்று, பெருவயல்காரர் முகைதீன்பாவாப் போடியாரின் மருமகன் ஜவுபரின் தலை. கல்லோயாத் திட்டத்து வாய்க்கால்களுக்கு ஓவசியராக வந்து, போடியாரின் ஒரே மகள் றபீக்காவைக் கைப்பிடித்தவன். மற்றது, அதே வீட்டு வளவில், முருங்கை மரத்தடியில், கம்பிக் கூட்டுக்குள் இருந்த ஒரு குரங்கின் தலை.

குரங்கு என்றதும் கூரை ஓடு பிரிக்கிற தடியனை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது அணிலைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். வால் மட்டும் உடம்பைவிட நீளம். முகம், பந்தியில் இறைச்சி கிடைக்காத கிழவனின் முகம். இரண்டு காதோரமும் தூரிகை செருகியதுபோல மயிர்க் குஞ்சம்.

றபீக்காவின் காக்கா, அவளுக்கு மூத்த முகம்மது தம்பி, கப்பலில் சமையற்காரன். பிரேசில் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வெள்ளைக் குஞ்சம் வைத்த பெண்குரங்கை வாங்கினான். அது தனியே கிடந்து வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல் அடுத்த துறைமுகத்தில் ஓர் ஆணைத் தேடினான். கிடைத்தது கறுப்புக் குஞ்சம்.

"காதில மை பூசி என்ன ஏமாத்திப் போட்டான் எண்டுதான் நினைச்ச. சவுக்காரம் போட்டுக் கழுவியும் பாத்தன், போகல்ல," என்றான், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது. இரண்டையும் தங்கச்சியின் கையில் கொடுத்துவிட்டு மறுபடி கப்பலேறிவிட்டான்.

பெயர் வைத்தது போடியார். பெண்ணுக்குப் பஞ்சு. ஆணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கூடு ஆர்ர? பொண்டாட்டிர. இவன் பொறகு வந்து குடியிரிக்கான். பொண்டாட்டிர ஊட்டுக்கு வந்து இரிக்கிறவனுக்கு நம்மட ஊரில என்ன பேரு? மாப்பிள்ளதானே!"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஜவுபர், "என்ன மாமா?" என்றான். றபீக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வாழைப்பழம் நழுவி விழுந்தது. கூட்டுக்குள்ளிருந்த மாப்பிள்ளை அதைக் கை நீட்டி எடுத்துக்கொண்டது.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் சீனத்து லாத்தாவுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை.

"ஏன்கா றபீக்கா, ஒண்டு வெள்ளக் காது, ஒண்டு கறுத்தக் காது. ரெண்டும் ஒரே சாதிதானா?"

"தெரியாது லாத்தா. அதுகளுக்குத் தெரிஞ்சாப் போதும்."

இப்படிப் பட்டென்று பதில் சொல்ல அவளுக்குப் பழக்கம் இருந்தது. ஜவுபரைக் கட்டியதிலிருந்து இதே கேள்வியைத்தான் ஊர் அவளிடம் வேறு சொல்லில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு, வம்சம் மாதிரி. தாயின் குடி பிள்ளைக்கு. பள்ளிவாசலில் அதன் பேரில் பேச ஒரு மரைக்காயர். கல்யாணப் பேச்சில் முதல் கேள்வியும் அதுதான். ஜவுபரோ மேற்குக் கரைப் பேருவளைக்காரன். நிக்காஹ் எழுதும் அன்று பெரியவர்கள் "மாப்பிள்ள என்ன குடி?" என்று கேட்டபோது அவன் முழித்தான்.

"எங்கட ஊர்ல அப்பிடி ஒண்டு இல்ல. வேணுமெண்டா எத்தினாம் நம்பர் வாய்க்கால் எண்டு செல்றன்," என்றான்.

சபை சிரித்துவிட்டது. ஆனாலும் 'குடி தெரியாத மாப்பிள்ளை' என்ற பேர் நின்றுவிட்டது. வாய்க்கால் தண்ணீரைப் பெரிய போடிக்கும் சின்னக் கமக்காரனுக்கும் ஒரே அளவாகத் திறந்துவிடுகிறவன் என்று அறிந்துதான் போடியார் மகளைக் கொடுத்தார். றபீக்காவுக்கு அதைவிடப் பெரிய காரணம் இருந்தது. அவளோடு கதைக்கும்போது அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவான். "கிட்டத்தில பாக்க இது தேவல்ல," என்பான்.

மாரி மழை ஓய்ந்த ஒரு காலையில் பஞ்சுவின் முதுகில் இரண்டு முடிச்சுகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் குட்டிகள். ஒவ்வொன்றும் பெருவிரல் அளவு. கண்ணும் நகமும் கணக்காக வைத்துப் படைத்திருந்தான் இறைவன்.

றபீக்காவின் உம்மா செல்லத்தங்கம் உடனே முந்தானையைச் செருகிக்கொண்டார். அந்தத் தெருவில் எந்தப் பிள்ளைப்பேறும் அவர் இல்லாமல் நடந்ததில்லை. பெற்றவளுக்கு நாற்பது நாள் அறை, நாற்பது நாள் காய மருந்து அரைத்த சோறு, நாற்பது நாள் புருசன் வாசலோடு. அதில் அரை நாள் குறைத்தும் அவருக்குப் பழக்கமில்லை.

"முதல்ல இந்த ஆம்புளய வெளிய எடுங்க. பெத்த ஊட்டுக்குள்ள இவனுக்கு என்ன வேல? கடுவன் பூன குட்டியத் திங்கிற நமக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளை குசினிக்குப் பின்னால் ஒரு கோழிக்கூட்டுக்குப் போனது. பஞ்சுவின் கூட்டைச் சாக்குப் போட்டு மூடி அறையாக்கினார்கள். மிளகும் உள்ளியும் அரைத்த காயத்தில் ஒரு நகக்கண் அளவை செல்லத்தங்கமே கொண்டுபோய் நீட்டினார். பஞ்சு முகர்ந்து பார்த்துவிட்டு மூன்று தரம் தும்மியது.

"உறைக்கிதாக்கும். எங்களுக்கும் உறைச்சதுதான்," என்றார் செல்லத்தங்கம்.

நாலாம் நாள் ஒரு குட்டி கூட்டின் தரையில் கிடந்தது. ஐந்தாம் நாள் மற்றது.

முருங்கையடியில் குழி தோண்டும்போது சீனத்து லாத்தா வேலியில் நின்றார். கெட்ட மனுசி இல்லை. வாய்க்குக் கதவு வைக்காத மனுசி.

"நான் அண்டைக்கே யோசிச்ச. சாதி மாறிச் சேந்தா குட்டி தங்காது புள்ள. அல்லாஹ் அப்பிடித்தான் வெச்சிரிக்கான்."

றபீக்கா முக்காட்டை இழுத்து வயிற்றுக்கு மேலாக விட்டுக்கொண்டாள். அப்போது அவளுக்கு இரண்டு மாதம். உம்மாவுக்கும் ஜவுபருக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

அந்தச் சொல் அவளோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. சோறு வடிக்கும்போது வந்தது. தொழுதுவிட்டுக் கையேந்தும்போது வந்தது. படித்த பெண்தான், இது மடத்தனம் என்று தனக்குத் தானே நூறு தரம் சொல்லிக்கொண்டாள். நூற்றியோராம் தரம் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. ஜவுபரிடம் சொல்லலாமா என்றால், எப்படிச் சொல்வது? 'நீங்க வேற ஊர் எண்டதால நம்மட புள்ள தங்காதாம்' என்றா? அந்தக் கண்ணாடி கழற்றிய முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல்லா அது?

போடியாரின் எருமைகளுக்கு ஊசி போட மாட்டு டொக்டர் செபரட்ணம் வந்த அன்று, தேநீர் கொடுக்கிற சாட்டில் மெல்லக் கேட்டாள்.

"டொக்டர், ரெண்டு இனம் கலந்தாக் குட்டி தங்காதா?"

செபரட்ணம் மாட்டுக்கு ஊசி போடுகிற வேகத்திலேயே பேசுகிறவர். "ஆர் சொன்ன? கழுதையும் குதிரையும் கலந்து பிறக்கிற கோவேறு கழுதை ரெண்டையும்விட உரம். கலப்பெண்டு ஒண்டும் சாகிறல்ல, தங்கச்சி."

"அப்ப எங்கட குரங்குக் குட்டி ரெண்டும் ஏன் செத்த?"

அவர் கூட்டுக்கு முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்தார். மாப்பிள்ளையும் அவரை வெகுநேரம் பார்த்தது.

"எருமை எண்டாச் சொல்லுவன்," என்று எழுந்துவிட்டார். "வெயில் படட்டும். வெட்டுக்கிளி, பழம், முருங்கைப் பிசின், எல்லாம் குடுங்க. மிச்சம் கர்த்தர் விட்ட வழி."

பாதி ஆறுதல் கிடைத்தது. மீதிப் பாதி அவளுக்கு இருப்புக் கொடுக்கவில்லை. பஞ்சுவின் வயிறு மறுபடி உருளத் தொடங்கியபோது அவளுடைய வயிறும் ஊருக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. 'இந்த முறை குட்டி தங்கினா என்ட புள்ளயும் தங்கும்' என்று அவள் எங்கோ ஒரு கணத்தில் மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். போட்ட பிறகு அதை அவிழ்க்க அவளாலேயே முடியவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாம் வெள்ளிக்கிழமை. இரவுக்குப் போட்டிருந்த சாக்கைக் காலையில் விலக்கினால் பஞ்சுவின் முதுகில் மறுபடி இரண்டு முடிச்சு. றபீக்கா மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினாள். நாலு கண். நாலும் அசைந்தன.

செல்லத்தங்கம் இந்த முறை இரட்டைக் கவனம். "போன தரம் சாக்குக்குள்ளால காத்துப் பூந்திட்டு. அதான் குட்டிக்கு ஆகல்ல," என்று சாக்கை இரண்டாக மடித்துப் போட்டார். மாப்பிள்ளை கோழிக்கூட்டுக்குப் போனது. அங்கே போனதும் சீட்டி அடிக்கத் தொடங்கியது. பறவை போல மெல்லிய, நீளமான சீட்டி. பழத்தைத் தொடவில்லை. சீட்டி அடிப்பதும், காது கொடுத்துக் கேட்பதும், மறுபடி அடிப்பதுமாக இருந்தது. மூடிய சாக்குக்குள்ளிருந்து பஞ்சு பதில் கொடுத்தது.

றபீக்கா கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாத வயிற்றோடு குனிந்து குனிந்து சாக்கின் இடுக்கால் பார்த்தாள். பஞ்சு பால் கொடுத்தது, அதில் குறையில்லை. ஆனால் இரண்டு குட்டியும் இறங்கவே இல்லை. சாப்பிட எட்டினால் கழுத்தில் ஒன்று, பாய எழும்பினால் இடுப்பில் ஒன்று. மூன்றாம் நாள் பஞ்சு முதுகைக் கம்பியில் வைத்துத் தேய்த்தது. குட்டியின் வாலைப் பல்லால் பிடித்து இழுத்தது. நடுப்பகல் ளுஹர்த் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி ஒரு குட்டி பிடி நழுவித் தரையில் விழுந்தது.

றபீக்கா கத்திவிட்டாள்.

செல்லத்தங்கம் ஓடி வந்து பார்த்தார். குட்டி உயிரோடுதான் இருந்தது. பஞ்சு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகளின் முகம் வெளிறிப்போயிருந்ததைக் கண்டு அவர் புருசன் பக்கம் திரும்பினார்.

"இஞ்ச பாருங்க. இந்தப் புள்ளத்தாச்சிர கண்ணுக்கு முன்னால இன்னொரு மௌத்து வேணாம். நாளைக்குக் காலம்பற வண்டில் நாவிதன்வெளிக்குப் போகக்குள்ள கூட்டோட ஏத்திக் கொண்டுபோய்க் காட்டில உட்டுருங்க."

"குட்டிகள்?" என்றாள் றபீக்கா.

"அது நசீபு மகள், எழுதின விதி," என்றார் போடியார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பாங்கு கேட்டது. உம்மா உள்ளே தொழப் போனார். வாப்பா பள்ளிக்குப் போனார். றபீக்கா விழுந்த குட்டியைப் துணித் துண்டில் சுற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சூடு குறைந்துகொண்டிருந்தது. குசினி அடுப்படியில் வைத்துச் சூடு காட்டலாம் என்று பின்பக்கமாக நடந்தாள்.

கோழிக்கூட்டைத் தாண்டும்போது சீட்டி நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை அவள் கையைப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி, கூட்டின் சட்டங்களோடு முதுகை ஒட்டிக் குந்தியது. குந்திக்கொண்டு தோளுக்கு மேலால் அவளைத் திரும்பிப் பார்த்தது.

அந்தக் குந்துதலை அவள் எங்கே கண்டிருக்கிறாள்? ஒவ்வொரு போகமும் களத்தில் கண்டதுதான். நெல்மூட்டை ஏற்றுகிறவர்கள் இப்படித்தான் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பார்கள். 'வை, நான் தூக்கிறன்' என்று வாயால் சொல்ல மாட்டார்கள். முதுகே சொல்லும்.

 கடுவன் பூனை குட்டியைத் தின்னும் என்பது பொய்யில்லை, அவளே கண்டிருக்கிறாள். இதுவும் அப்படிச் செய்தால்? குட்டி தானாகச் சாகிறது ஒன்று; தன் கையால் சாகக் கொடுப்பது இன்னொன்று. அப்புறம் அவள் எந்த மனதோடு பிள்ளை பெறுவாள்? கையில் இருந்தது ஒரு தரம் 'கீச்' என்றது. மாப்பிள்ளையின் முதுகு முழுக்க மயிர் சிலிர்த்தது.

"பிஸ்மில்லாஹ்," என்று சொல்லி, சட்ட இடுக்கால் குட்டியை நீட்டினாள்.

ஐந்து விரல், ஒவ்வொன்றும் நூல் தடிப்பு. அந்த விரல்கள் கறுத்த மயிரைப் பற்றிக்கொண்டன. பிறகு மறு கை. பிறகு வால் சுற்றிக்கொண்டது. மாப்பிள்ளை கழுத்தை வளைத்துக் குட்டியின் தலையை நக்கியது. ஒரு தரமில்லை; மூன்று நாள் கடனையும் தீர்க்கிற மாதிரி நக்கியது.

அவள் கோழிக்கூட்டின் கதவைத் திறந்தாள். பக்கத்தில்தான் முருங்கை மரம். ஏறிப் போனால் பிடிக்க ஆளில்லை. மாப்பிள்ளை மரத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. குட்டியைச் சுமந்துகொண்டு மணலில் நாலு பாய்ச்சலில் பஞ்சுவின் கூட்டுக்குப் போய்க் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றது. றபீக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி, சாக்கை உருவி எறிந்து, அந்தக் கதவையும் திறந்தாள்.

மற்றக் குட்டியைத் தகப்பனிடம் மாற்ற ஒரு நிமிடமும் ஆகவில்லை. முதுகும் முதுகும் உரச, அது தானாகவே தாவிக்கொண்டது. வெறும் முதுகோடு பஞ்சு உடம்பை ஒரு தரம் உதறியது. நேரே வாழைப்பழத்திடம் போனது. முழுப் பழத்தையும் தின்றது. தின்று முடித்துக் கூட்டுக்குள் வைத்திருந்த கிளையில் நீட்டிப் படுத்துவிட்டது.

"யா அல்லாஹ்! ஆருகா கதவத் துறந்த?" தொழுகைப் பாயோடு செல்லத்தங்கம் வாசலில் நின்றார்.

"நான்தான் உம்மா."

"நாப்பது முடியல்லயே!"

"அது நம்மட நாப்பது உம்மா. அதுகள்ர ஊரில வேற முறையாக்கும். ஆம்புளதான் புள்ள சுமக்கிற."

செல்லத்தங்கம் மகளை நம்பவில்லை. விளக்குமாறோடு கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார், மாப்பிள்ளை வாயைத் திறந்தால் அடிப்பதற்கு. அது வாயைத் திறந்தது, வெட்டுக்கிளி தின்ன. குட்டிகள் சிணுங்கியதும் எழுந்து போய்ப் பஞ்சுவின் பக்கத்தில் குந்தியது. குட்டிகள் மாறிப் பால் குடித்தன. குடித்து முடிந்ததும் மறுபடி வாங்கிக்கொண்டது. அஸர்த் தொழுகை முடிகிற நேரம் இது நாலாம் தரம் நடந்தது. செல்லத்தங்கம் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, பள்ளியிலிருந்து வந்த புருசனை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன ஏன்கா அப்பிடிப் பாக்காய்?" என்றார் போடியார். "நான் என்ட ரெண்டு புள்ளயயும் தூக்கல்லயா?"

"எப்ப?"

போடியார் யோசித்தார். "பெரியவன்ட சுன்னத்துக் கலியாணத்தில..."

"அப்ப அவனுக்கு ஏழு வயசு!"

வண்டில் மறுநாள் நாவிதன்வெளிக்கு வைக்கோல் ஏற்ற வெறுமையாகப் போனது.

குட்டி விழுந்த அன்றைக்கே, பின்னேரம் ஜவுபர் வாய்க்கால் சேற்றோடு வந்தபோது றபீக்கா நடந்ததை முழுக்கச் சொன்னாள். குரங்கில் தொடங்கி, நிறுத்த முடியாமல், சீனத்து லாத்தாவின் சொல்லையும் தான் போட்ட முடிச்சையும் சொல்லிவிட்டாள். அவன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"இத அஞ்சு மாசமா நீங்க தனியாவா வெச்சீந்தீங்க?"

"சொன்னா உங்களுக்கு மனசு நோகுமே."

"நோகும்தான். பாதிய எனக்குத் தந்தீந்தா நானும் கொஞ்சம் தூக்கித் திரிஞ்சீப்பேனே." பிறகு தலையைச் சொறிந்தான். "குரங்குக்கு ஈக்கிய மதிப்பு எனக்கு இல்லாமப் பெய்த்தே!"

அவள் சிரித்தாள். கண்ணீர் வந்தது, அது பாட்டில் வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

செய்தி பரவியது. பக்கத்து ஊர் பாண்டிருப்பிலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்தார்கள். பெண்கள் தங்கள் புருசன்மாரையும் கூட்டிவந்து, கூட்டுக்கு முன்னால் நிறுத்தி, ஒன்றும் பேசாமல் நின்றார்கள். சில ஆண்கள் அதற்குப் பிறகு அந்தத் தெருவால் வருவதையே விட்டுவிட்டார்கள். செபரட்ணம் டொக்டர் மட்டும் இரண்டு தரம் வந்து, தன் குறிப்புப் புத்தகத்தில் என்னவோ எழுதிக்கொண்டு போனார்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று குட்டிகள் கிளைக்குக் கிளை பாய்ந்தன. காதோரம் மயிர் எட்டிப் பார்த்தது. வெள்ளையுமில்லை, கறுப்புமில்லை, நல்ல சாம்பல் நிறம். தொதல் இனிப்புத் தட்டோடு வந்த சீனத்து லாத்தா வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"தங்கிட்டே! அல்ஹம்துலில்லாஹ். அது சரி போடியார், இதுகள் இப்ப வெள்ளக் குடியா, கறுத்தக் குடியா?"

"இதென்ன கேள்வி? உம்மாட குடிதான். நம்மட மண்ணில பொறந்தா நம்மட சட்டம்," என்றார் போடியார்.

றபீக்கா வாய்விட்டுச் சிரித்தாள். முக்காடு சரிந்தது. அவள் அதை வயிற்றுக்கு மேலால் இழுத்துவிடவில்லை. "என்ட புள்ளைக்கும் அந்தச் சட்டம்தான் லாத்தா. வாப்பா பேருவள, குடி என்ட குடி. வந்து பாருங்க, இன்னும் மூணு கிழம இரிக்கி."

மூன்று கிழமை எடுக்கவில்லை. பதினேழாம் நாள் விடிந்து சூரியன் தென்னைக்கு மேலே வந்த நேரம், செல்லத்தங்கத்தின் கையில் ஒரு பெண்பிள்ளை வீறிட்டது. தெருக்கோடி வரை கேட்ட அழுகை. தங்குமா தங்காதா என்று யாரும் கேட்க இடமே வைக்காத அழுகை.

ஐந்தாம் நாள் வரை அந்த அழுகை ஓயவில்லை. பால் குடித்தாலும் அழுதது. தொட்டிலில் போட்டாலும் அழுதது. இரவும் பகலும் கண் மூடாத றபீக்கா, அறைக்குள் சுவரில் சாய்ந்து, காயச் சோற்றைப் பிசைந்தபடியே தூங்கித் தூங்கி விழுந்தாள். வாசலுக்கு வெளியே ஜவுபர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

செல்லத்தங்கம் பிள்ளையைத் தூக்கினார். மகளைப் பார்த்தார். சுவர்க் கலண்டரைப் பார்த்தார். பிறகு கதவைக் கால்வாசி திறந்தார்.

"மகன், கையக் கழுவிட்டீங்களா?"

"கழுவிட்டேன் மாமி!" என்றான் ஜவுபர். ஐந்து நாளாகக் கழுவிக்கொண்டுதான் இருந்தான்.

"அப்ப இந்தாங்க. தலையப் பிடிங்க, தலைய! நெல்மூட்ட இல்ல. தோளில சாச்சுக்கங்க. நாப்பது நாப்பதுதான், வாசல்படி தாண்டி உள்ள வரப்படாது. வெளிய எவ்வளவு நேரமும் தூக்கலாம். பசிச்சா மட்டும் கொண்டு வாங்க."

ஜவுபர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடி குத்திவிடும் என்று அதைக் கழற்றி மாமியிடம் கொடுத்துவிட்டு, எதிரில் இருப்பது சரியாகத் தெரியாமல் வளவுக்குள் மெல்ல மெல்ல நடந்தான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாம் சுற்றில் அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகியது.

வேலிக்கு மேலால் சீனத்து லாத்தாவின் தலை தெரிந்தது. "ஏன் செல்லத்தங்கம், அஞ்சாம் நாளிலயே ஆம்புளட கையில புள்ளயா? ஊரில இல்லாத முறையாக் கிடக்கே!"

"சத்தம் போடாத," என்றார் செல்லத்தங்கம். "ரெண்டும் நித்திர."

உள்ளே றபீக்கா சோற்றுக் கையோடு பாயில் சரிந்து, வாய் லேசாகத் திறந்தபடி, ஐந்து நாள் நித்திரையையும் சேர்த்து நித்திரை கொண்டிருந்தாள்.